விரல் காணும் கோலம்

ஓவிய வகுப்புத் தொடங்கியதும் பார்வையற்ற மாணவனை ஒரு மூலையில் சும்மா உட்கார வைத்துவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. படம் வரையும் வினாக்களிலிருந்தும் அவனுக்கு விலக்கு. இது இரக்கத்தால் செய்யப்படுவதே. ஆனால், படம் இல்லாமல் வடிவகணிதம் ஏது? இதயத்தின் நான்கு அறைகளையும் மின்சுற்றையும் அவன் எவ்வாறு அறிவான்? ஓவியத்தோடு சேர்ந்து விஞ்ஞானமும் அவன் கையைவிட்டுப் போகிறது.

கண் தெரியாதவருக்குப் படம் எதற்கு என்பவர்கள் விரலின் ஆற்றலை அறியாதவர்கள். கொண்டை ஊசி ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் இருக்குமாறு வளையுங்கள். நண்பனின் கண்ணைக் கட்டி, சுட்டுவிரல் நுனியில் மெல்லத் தொடுங்கள். இரண்டு முனை என்பான். முதுகில் தொட்டால் ஒன்று என்பான்! அங்கே முனைகள் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் விலகினால்தான் இரண்டாகத் தெரியும். ஜெர்மன் அறிஞர் வேபர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்தார். விரல் நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 240 தொடு உணர்வு நரம்பிழைகள் உள்ளன. உள்ளங்கையில் சுமார் 60தான்.

எனினும் கண்ணுக்கும் விரலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கண் முழுப் படத்தையும் ஒரே நோக்கில் பிடித்துவிடும். விரலோ கோட்டின் மேல் ஊர்ந்து, துண்டு துண்டாய் அறிந்து, மனத்துக்குள் கோத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பாடநூல் படத்தை அப்படியே மேடாக்கிக் கொடுத்தால் பயனில்லை. நெருங்கிய கோடுகள் ஒன்றாகிக் குழம்பும். தேவையற்றவற்றை நீக்கி, கோடுகளை விலக்கி, பெரிதாக்கித் தர வேண்டும்.

இங்கேதான் நம் சிக்குக் கோலம் கைகொடுக்கிறது. அட்டையில் புளியங்கொட்டைகளைப் புள்ளிகளாக ஒட்டி, அவற்றைச் சுற்றிச் சணல் கயிற்றைப் பசையிட்டுப் பதியுங்கள். இத்தகைய கோலங்களில் பல, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் ஒற்றைக் கோடு. ஊர்ந்து செல்லும் விரலுக்கு இதைவிட ஏற்ற படம் எது? கோடு குறுக்கிடும் இடத்தில் மட்டும் விரல் தடுமாறும். ‘திரும்பாதே, நேராகப் போ’ என்ற ஒரே விதியைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

தொட்டறிவது சரி, வரைவது எப்படி? ஜன்னலுக்கு அடிக்கும் கொசுக் கம்பிவலையை ஒரு பலகையில் இழுத்து அறையுங்கள். ஓரங்களில் கம்பி குத்தாதபடி துணி ஒட்டுங்கள். அதன் மேல் தாளை வைத்து மெழுகு வண்ணக் குச்சியால் அழுத்தி வரைந்தால் கோடு சொரசொரப்பாக எழும். வரைந்ததை அப்போதே விரலால் சரிபார்க்கலாம். செலவு மிகக் குறைவு.

கனடா உளவியலார் ஜான் கென்னடி, பார்வையற்றோரை வரையச் செய்து பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டவற்றுள் வியப்பான ஒன்று: சுழலும் சக்கரத்தைக் காட்டப் பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண் ஆரங்களை வளைத்து வரைந்தார். இதை அவர் எந்தப் படத்தைப் பார்த்துக் கற்றிருக்க முடியும்?

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி (1904–1980) சிறுவயது முதலே மங்கிய பார்வையுடையவர். 1950களில், கண் அறுவைக்குப் பின் முற்றிலும் பார்வை இழந்தார். அதன்பின் காகிதங்களை வெட்டி ஒட்டியும் மெழுகில் உருவம் பிடித்தும் படைத்தார். கலாபவனச் சுவரில் ஓடுகளால் பெரிய சித்திரமும் அமைத்தார். சத்யஜித் ரே 1972இல் அவரைப் பற்றிப் படம் எடுத்தார். மாணவர்களுக்குக் கலை வரலாறு கற்பிப்பதையும் முகர்ஜி விடவில்லை.

பார்வைக் குறையில் பல படிகள் உண்டு. ஓரளவு தெரிபவனுக்குக் கறுப்புத் தாளும் வெள்ளைச் சுண்ணக்கட்டியும் போதும். பிடிக்க முடியாத கைக்குப் பென்சிலின் மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கலாம். காது கேளாதவனுக்கு ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல், முகம் தெரியப் பேசினால் பாதி வேலை முடிந்தது.

மதுரைப் பக்கத்து மாணவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரி, மண் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அந்தப் பிசைந்த களிமண்ணில் இதயத்தின் நான்கு அறைகளையும் செய்து, வால்வு இருக்கும் இடத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவிடுங்கள். பிறகு உங்கள் நண்பன் ஒன்றும், கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்கள் ஒன்றும், அதைத் தொட்டே திரும்பச் செய்யுங்கள். யாருடையது மூலத்தை ஒத்திருக்கிறது என்று அளந்து பாருங்கள்.