மஜ்ஜை ஊசியில் இதயம் முளைக்காது

“சொந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஊசியாகப் போட்டால், அட்டாக்கில் செத்த இதயத் தசை திரும்ப வளரும், பைபாஸே வேண்டாம்.” வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் இந்தச் சரக்கை நம்பி, நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்காதீர்கள்.

2001-இல் இதய ஆய்வாளர் பியரோ அன்வெர்சாவின் குழு, மஜ்ஜைச் செல்களால் சுண்டெலிகளின் இதயத்தில் புதுத் தசை உருவானதாக ‘நேச்சர்’ இதழில் எழுதியது. 2004-இல் அதே இதழில் வேறு இரண்டு குழுக்கள் அதை மறுத்தன: மஜ்ஜைச் செல் இதயத்துக்குள் போயும் இதயச் செல்லாக மாறவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2018-இல், அவர் பணியாற்றிய ஹார்வர்டும் பிரிகாம் மருத்துவமனையும், அன்வெர்சா ஆய்வகத்தின் 31 கட்டுரைகளில் போலியான, திரித்த தரவுகள் இருப்பதாகச் சொல்லி அவற்றைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்தன. மஜ்ஜைச் செல்லைச் சோதிக்க ஐரோப்பாவில் 3,000 பேரைச் சேர்க்கக் கிளம்பிய ‘பாமி’ ஆய்வு 375 பேரோடு நின்றது. மஜ்ஜைச் செல் உயிரைக் காக்கும் என்று அதனால் நிறுவ முடியவில்லை. “ஊசி போட்டதும் மூச்சிரைப்பு குறைந்ததே” என்பவர்களே, கூடவே விழுங்கிய மாத்திரைகளை ஏன் மறந்தீர்கள்?

இதயத் தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே செய்யாது என்பதும் தவறுதான். 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்கள் மாறுகின்றன. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. பெரிய அட்டாக்கில் 100 கோடிச் செல்கள்வரை போகலாம். கணக்கு நீங்களே போடுங்கள். 3டி பிரிண்டர் இதயமா? 2019-இல் டெல் அவிவில் அச்சிட்டது முயல் இதயம் அளவு. செல்கள் சுருங்கின, பம்ப் செய்யவில்லை.

அதற்காக எல்லாமே ஏமாற்று என்று கிளம்பிவிடாதீர்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு, ஐபிஎஸ் செல்களிலிருந்து (முதிர்ந்த செல்லை ஆய்வகத்தில் ஸ்டெம் செல்போல மாற்றியவை) வளர்த்த தசையை ஒரு பெண்ணின் இதயத்தின்மேல் ஒட்டுப்போட்டது. மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் பொருத்தினார்கள். வெளியே எடுத்த பழைய இதயத்தில் அந்தத் தசை உயிரோடு, இரத்தக் குழாய்களோடு இருந்தது. 2025-இல் வெளியான செய்தி இது. நிஜமான முன்னேற்றம், ஆனால் இன்னும் ஆய்வுதான். உடல் அதை நிராகரிக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, இதயத்துக்கு ஸ்டெம் செல் என்றால் அது அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே இருக்கலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பில் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தசையைத் திரும்ப வளர்க்கத் துடிப்பவர்கள், இருக்கிற தசையைக் காப்பாற்ற ஏன் துடிப்பதில்லை? நெஞ்சைப் பிசையும், இடது கை இழுக்கும், வேர்த்துக் கொட்டும். “கேஸ்தான்” என்று சோடாவும் ஓம வாட்டரும் குடித்துவிட்டு விடியும்வரை படுத்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் தசை சாகிறது. தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். சோடா பாட்டிலைக் கீழே வையுங்கள்; 108-ஐக் கூப்பிடுங்கள்.