டொல்பின் வேனுக்குள் போகும் டீசல்

எங்கள் கற்பிட்டிப் பக்கத்தில் டொல்பின் வேனை இன்னும் ஆசையோடு வைத்திருப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான். டொல்பின் எனப்படும் எல்.எச். 113 வேனின் 2.8 லீற்றர் 3எல் எஞ்சினில் டீசலை அளந்து அனுப்பக் கம்ப்யூட்டர் கிடையாது. நாலு சிலிண்டருக்கும் பங்கு போடுவது டீசல் பம்புக்குள் இருக்கும் ஒரேயொரு பிளஞ்சர். எஞ்சின் ஒயில் அங்கே போவதில்லை. உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு எண்ணெயும்.

இந்தக் கரையில் பம்பைத் தின்பவை மண்ணெண்ணெயும் தண்ணீரும். படகு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுவதால் அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 2022 ஆகஸ்டில் டீசல் லீற்றர் 430 ரூபாய், மண்ணெண்ணெய் 87 ரூபாய். மாதப் பிற்பகுதியில்தான் அதை 340 ஆக்கினார்கள். கலந்து ஓட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பிழைப்புக்கு வேன் ஓடியாக வேண்டும். ஆனால் மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு. பிளஞ்சர் கீறல் விழுந்து தேயும்.

காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிற வேன், ஓடிச் சூடானபின் நிறுத்தினால் எடுக்க மறுக்கிறதா? பற்றரியை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். சூட்டில் இளகிய டீசல் தேய்ந்த இடைவெளியால் நழுவுகிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிடுங்கள். பிறகு எடுத்தால் பம்பைக் கழற்றத்தான் வேண்டும். அதைச் சோதனை மேசை வைத்திருக்கும் பம்ப் கராஜில் மட்டும் கொடுங்கள்.

தண்ணீர் பெரும்பாலும் தாங்கியில்தான் சேர்கிறது. உப்பளக் காற்றின் ஈரம், பாதி காலியான தாங்கிக்குள் இரவில் வியர்த்து இறங்கும். ஆகவே மாலையிலேயே நிரப்பிவிடுவேன். பில்டர் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, மேலேயுள்ள கைப்பம்பை அழுத்தி, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பார்ப்பேன். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். மாரியில் இதை வாரந்தோறும் செய்வது நல்லது. எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளில் துரு பிடிக்காமல் கிறீஸ் தடவி வையுங்கள். நொசில் கழற்றினால் செப்பு வாசர் புதிதாகவே போட வேண்டும். டீசல் பீறிடும் இடத்தை ஒருபோதும் விரலால் தேடாதீர்கள், மட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். நூறு பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அது தோலைத் துளைத்துவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். வலி இல்லாவிட்டாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போனது என்று சொல்லுங்கள்.