இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும்



இந்தியாவிலிருந்து வெங்காயம் வந்து இறங்கினால், பள்ளிவாசல்துறையில் நாம் கிண்டிய வெங்காயத்தின் விலை விழும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்த வெங்காயம் புறக்கோட்டைக்கு என்ன விலையில் வந்து சேர்கிறது? அங்குள்ள விவசாயி பெற்ற விலை, கப்பல் கூலி, வரி ஆகியவற்றோடு இன்னுமொன்றும் அதில் அடங்கியுள்ளது. ஒரு இந்திய ரூபாவுக்கு எத்தனை இலங்கை ரூபா கொடுக்க வேண்டும் என்பதே அது. இதை நாணய மாற்று விகிதம் என்பர். இவ்விதழில் அதைப் படிப்போம்.

நமது பாட்டனார் காலத்தில் இக்கேள்வியே எழவில்லை. பிரித்தானியர் ஆட்சியில் இந்திய வெள்ளி ரூபாவே இலங்கையிலும் செல்லுபடியான காசாக இருந்தது. 1872 முதல் நாம் ரூபாவைச் சதமாகப் பிரித்தோம். இந்தியாவில் அணாக் கணக்கு 1957 வரை நீடித்தது. ஆனால் ரூபாவின் பெறுமதி ஒன்றுதான். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியபோதும், அக்கரை போனவர்கள் விகிதம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1950 ஆகஸ்ட் 28 இல் இலங்கை மத்திய வங்கி தன் பணியை ஆரம்பித்தது. அதன் பின்னரும் ஒரு அமெரிக்க டொலருக்கு இங்கும் 4.76 ரூபா, அங்கும் 4.76 ரூபா என்றே இருந்தது.

இச்சமநிலை 1966 ஜூன் 6 இல் முறிந்தது. யுத்தச் செலவாலும் வரட்சியாலும் நெருக்கடிக்குள்ளான இந்தியா, டொலருக்கு 7.50 ரூபா என்று தன் நாணயத்தின் பெறுமதியைக் குறைத்தது. நாமோ 4.76 இலேயே நின்றோம். இரண்டு நாணயங்களை ஒப்பிடும் முறை எளிது: இரண்டையும் டொலரில் வைத்துப் பார்த்து, ஒன்றை மற்றதால் வகுக்க வேண்டும். 7.50 ஐ 4.76 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.57 வரும். அதாவது 100 இலங்கை ரூபாவுக்கு 157 இந்திய ரூபா! இன்று பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். 1967 நவம்பரில் பிரித்தானியா தன் பவுணைக் குறைத்தபோது நாமும் 5.95 க்கு இறங்கினோம். அப்போது அந்த 157, 126 ஆயிற்று.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மக்களை நினைத்துப் பாருங்கள். தம் உழைப்பின் சேமிப்பாக 4,000 இலங்கை ரூபாவை ஒரு குடும்பம் கொண்டு சென்றது என்று வைத்துக்கொள்வோம். 1967 நடுப்பகுதியில் அரச விகிதப்படி அதற்கு 6,300 இந்திய ரூபா கிடைக்கும். 1968 தொடக்கத்தில் 5,040. 1978 இல் சென்றிருந்தால் ஏறத்தாழ 2,100 மட்டுமே. அதே தோட்டம், அதே உழைப்பு. கப்பலேறிய ஆண்டுதான் வேறு.

1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, அதுவரை இருந்த இரட்டை விகித முறையை நீக்கியதே இவ்வீழ்ச்சிக்குக் காரணம். டொலர் 16 ரூபாவை எட்டியது. நாணயம் விழுந்தால் இறக்குமதி விலையேறும், எனவே உள்ளூர் விவசாயிக்கு நன்மை என்று புத்தகம் சொல்லும். நடந்தது அவ்வாறல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதித் தடையால் வடபகுதி மிளகாய், வெங்காயச் செய்கையாளர் நிமிர்ந்து நின்றனர். தடை தளர்ந்ததும் வெளிநாட்டுச் செத்தல் மிளகாய் சந்தையை நிறைத்தது. விகிதம் தந்ததை இறக்குமதிக் கொள்கை எடுத்துக்கொண்டது. மூத்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

விகிதம் எப்போதும் நமக்கு எதிராகவே போகும் என்றும் எண்ணவேண்டாம். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் இக்கரைக்கு வந்தனர். அதே ஆண்டில் பலர் வள்ளமேறி இராமேஸ்வரம் போயினர். அப்போது 100 இந்திய ரூபாவுக்கு ஏறத்தாழ 229 இலங்கை ரூபா. 1991 ஜூலையில் இந்தியா தன் நாணயத்தை மீண்டும் குறைத்தது. அகதி முகாமில் சிறுகச் சிறுகச் சேர்த்த 100 இந்திய ரூபாவோடு 1994 இல் திரும்பியவருக்கு 157 ரூபாதான் கிடைத்தது. அக்கரைப் பணம்தான் பாதுகாப்பானது என்று நம்பியிருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

2022 இல் நேர்ந்தது வேறு வகையானது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ஐ எட்டியது. இந்தியாவில் கிலோ 40 ரூபாவுக்கு வாங்கிய வெங்காயம் என்று கொள்வோம். 2021 இல் நமது காசில் அது 108 ரூபா. 2022 நடுப்பகுதியில் 184 ரூபா. கப்பல் கூலியும் வரியும் இதற்கு மேல். வெங்காயம் வைத்திருந்தவருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் நமது மணற்காணியில் நீர் இறைக்காமல் பயிரில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மானியம் நீங்கியதும் இதற்கொரு காரணம். நாணய வீழ்ச்சி மற்றது. பசளையும் கிருமிநாசினியும் டொலரில்தான் வருகின்றன. விற்கும் விலை ஒன்றரை மடங்கு ஏறி, செலவு மூன்று நான்கு மடங்கு ஏறினால் கையில் மிஞ்சுவது என்ன?

2024 முடிவில் 100 இந்திய ரூபாவுக்கு ஏறத்தாழ 340 இலங்கை ரூபா. வெளிநாட்டிலிருக்கும் மகளோ மகனோ பணம் அனுப்பும்போது வங்கியில் அன்றைய வாங்கும் விலையைக் கேட்டறியுங்கள். வங்கி வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை வேறு. பத்திரிகையில் பார்த்த விலை உங்கள் கைக்கு வராது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். கடந்த போகத்தின் செலவுகளை ஒரு தாளில் இரண்டு நிரையாக எழுதுங்கள். மண்ணெண்ணெய், டீசல், பசளை, மருந்து, மோட்டர் உதிரிப்பாகம் ஒரு பக்கம். சொந்த விதை வெங்காயம், மாட்டெரு, குழை, வீட்டார் உழைப்பு மறுபக்கம். டொலர் ஏறினால் ஏறும் பக்கம் மொத்தச் செலவில் எத்தனை பங்கு என்று கூட்டிப் பாருங்கள். அதில் எந்த ஒரு பொருளை அடுத்த போகத்தில் மறுபக்கத்துக்கு மாற்றலாம் என்பதைப் பெண்களும் இருக்கும் கூட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள். விதை வெங்காயத்தைக் கட்டித் தூக்கிக் காப்பவர்கள் அவர்கள்தானே.