அந்த நாள் எந்த நாள்?



நம் பள்ளி அறிவிப்புப் பலகையில் 'வரலாற்றில் இந்த நாள்' பகுதியை எழுதுவது இந்த ஆண்டு என் பொறுப்பு. காலையில் வழிபாட்டுக்கு மணி அடிப்பதற்கு முன்னால் சாக்பீஸோடு நிற்பேனே, அது நான்தான்! செப்டம்பரில் ஒரு நாள், "செப்டம்பர் 11: மகாகவி பாரதியார் மறைந்த நாள் (1921)" என்று அழகாக எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் யாரோ 11-ஐ அடித்து 12 என்று போட்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவரின் வேலை என்று தெரிந்ததும் சண்டைக்கே போய்விட்டேன். என் கையில் ஒரு பொது அறிவுப் புத்தகம், அவர் கையில் இன்னொன்று. தமிழய்யா இரண்டையும் வாங்கி மேசைமேல் வைத்தார். "ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எப்படின்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அப்படித் தேடியதில் நான் கற்றுக்கொண்ட பாடம்தான் இந்தக் கட்டுரை. எந்தத் தேதியைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

கேள்வி 1: எத்தனை மணிக்கு?

பாரதியார் சென்னை திருவல்லிக்கேணியில் காலமானது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஆனால் அப்போது நள்ளிரவு தாண்டி, மணி ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. ஆங்கில முறைப்படி நள்ளிரவு 12 மணிக்கே மறுநாள் பிறந்துவிடும். அதனால் மாநகராட்சிப் பதிவேட்டில் செப்டம்பர் 12 என்று இருக்கிறது. நம் பஞ்சாங்க முறையில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த சூரிய உதயம் வரை. விடியும்வரை அது ஞாயிறுதான்! அதனால் நம் பெரியவர்கள் கணக்கில் 11. 2021-இல் பாரதியின் நினைவு நூற்றாண்டின்போது செப்டம்பர் 11-ஐ 'மகாகவி நாள்' என்று தமிழக அரசு அறிவித்தது. அண்ணன் சொன்னதும் தப்பில்லை, நான் எழுதியதும் தப்பில்லை. தப்பு எது தெரியுமா? காரணம் தெரியாமல் இருவரும் சண்டை போட்டதுதான்.

கேள்வி 2: எந்த ஊர் மணி?

சிதார் மேதை ரவிசங்கர் 2012-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காலமானார். அங்கே அப்போது டிசம்பர் 11, செவ்வாய்க்கிழமை மாலை. அதே நேரத்தில் நம் ஊரில் டிசம்பர் 12, புதன்கிழமை காலை! குளிர்காலத்தில் கலிபோர்னியா நேரம் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். ஒருவர் மறைந்தது ஒரே நொடியில்தான், காலண்டரில் கிழிக்கும் தாள்தான் வேறு.

கேள்வி 3: எந்தக் காலண்டர்?

ஆங்கில நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரும், ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் மறைந்தார்கள் என்று நானும் ஒருமுறை பலகையில் எழுதியிருக்கிறேன். யுனெஸ்கோ அறிவித்த உலகப் புத்தக நாளும் ஏப்ரல் 23 தானே! ஆனால் உண்மையில் அது ஒரே நாள் இல்லை. ஸ்பெயின் அப்போதே கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் காலண்டரையே வைத்திருந்தது. இரண்டுக்கும் அப்போது 10 நாள் வித்தியாசம். இங்கிலாந்தின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3 ஆகிறது. போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி, 23 அவரை அடக்கம் செய்த நாள் என்கிறார்கள் ஆய்வாளர்கள்! ரஷ்யாவின் 'அக்டோபர் புரட்சி' நவம்பர் 7-இல் நினைவுகூரப்படுவதற்கும் இந்தக் காலண்டர் மாற்றம்தான் காரணம்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் ஆராதனை விழா திதியைப் பார்த்து, புஷ்ய பகுள பஞ்சமி அன்று நடக்கிறது. அதாவது தேய்பிறையின் ஐந்தாம் நாள். சந்திரனைப் பார்த்து வைக்கும் கணக்கு என்பதால் ஆங்கிலத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும்.

கேள்வி 4: யார் எழுதி வைத்தது?

இசை மேதை பீத்தோவனின் பிறந்த தேதிக்கு எழுத்துப் பதிவே கிடையாது. ஜெர்மனியின் பான் நகரத் தேவாலயத்தில் 1770 டிசம்பர் 17 அன்று ஞானஸ்நானம் பெற்றார் என்ற பதிவுதான் இருக்கிறது. அதை வைத்து முந்தின நாள் பிறந்திருக்கலாம் என்று டிசம்பர் 16-ஐச் சொல்கிறார்கள்.

தேதி தெரிந்தே மாற்றிக்கொண்டவரும் உண்டு. இசைஞானி இளையராஜா பிறந்தது ஜூன் 3. கலைஞர் கருணாநிதியின் பிறந்த நாளும் அதுவே. அவருக்கு மரியாதை தரும் விதமாக இளையராஜா தம் பிறந்த நாளை ஜூன் 2-க்கு மாற்றிக்கொண்டார். 'இசைஞானி' பட்டம் கொடுத்ததே கலைஞர்தான்!

இதையெல்லாம் எழுதி முடித்து வீட்டில் வாசித்துக் காட்டினேன். எங்க அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப எனக்கு எந்த நாளுன்னு பாத்துச் சொல்லு புள்ள" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் உலகத்துப் பிறந்த நாளையெல்லாம் எழுதும் நான், அப்பத்தாவின் பிறந்த நாளைக் கேட்டதே இல்லை!

ஆதார் அட்டையில் 01.06.1965 என்று இருக்கிறது. அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டாராம், அஞ்சு வயசு என்று ஜூன் 1-ஐ எழுதிவிட்டார்களாம். அந்த ஒரு வரியால், அறுபது வயது முடிந்தும் முதியோர் உதவித்தொகை மனுவை "ஜூன் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

உண்மையில் அப்பத்தா பிறந்தது தங்கச்சிமடத்தில், தனுஷ்கோடி புயல் அடித்த ராத்திரி. 1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அன்று நள்ளிரவை ஒட்டித்தான் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாத ஊர் என்று பிறகு அரசு அறிவித்துவிட்டது.

"எங்க ஆத்தா எனக்குப் பொறந்த நாள் கொண்டாடினதே இல்ல. அன்னைக்கு ஊரே எழவு வீடு. என்னையத் தூக்கிக்கிட்டு அழுதுக்கிட்டே இருந்தாளாம்" என்றார் அப்பத்தா.

கூரை பறந்த இருட்டில் யார் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள்? நள்ளிரவுக்கு முன் என்றால் 22, பின் என்றால் 23. நான் என் முதல் கேள்வியையே அப்பத்தாவுக்கும் போட்டுப் பார்த்தேன். பிறந்தது விடியும் முன்னே என்பது நிச்சயம். அப்படியானால் பஞ்சாங்கக் கணக்கில் செவ்வாய்க்கிழமைதான்! அந்த வருஷத்தின் பெயர் குரோதி. அறுபது ஆண்டு சுற்றி அதே குரோதி 2024 ஏப்ரலில் திரும்ப வந்தது. அந்த மார்கழியில் அப்பத்தாவுக்கு அறுபது முடிந்ததை எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவே இல்லை.

"இனிமே டிசம்பர் 22 உங்க பொறந்த நாளு அப்பத்தா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, பலகையில எழுதுறப்ப அந்த ரயில்ல போனவுகள மொதல்ல எழுது. என்னைய அப்புறம் எழுதலாம்" என்றார். அப்படியே எழுதப் போகிறேன்.

பலகையில் வரப்போகும் சில நாட்கள்:

★ ஜனவரி 6: தியாகராஜர் மறைவு (1847). சரியாக 120 ஆண்டு கழித்து ஏ.ஆர்.ரகுமான் பிறப்பு (1967).
★ ஜூன் 24: கவியரசு கண்ணதாசன் பிறப்பு (1927). அடுத்த ஆண்டு அதே நாளில் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறப்பு (1928). பாட்டும் மெட்டும் ஒரே தேதி!
★ செப்டம்பர் 16: எம்.எஸ்.சுப்புலட்சுமி மதுரையில் பிறப்பு (1916).
★ அக்டோபர் 23: ஐ.நா. சபையில் எம்.எஸ். கச்சேரி (1966).
★ டிசம்பர் 11: பாரதியார் பிறப்பு (1882). அதே நாள், அதே ஆண்டு இயற்பியல் அறிஞர் மேக்ஸ் பார்ன் பிறப்பு. விஸ்வநாதன் ஆனந்த் பிறப்பு (1969). எம்.எஸ். மறைவு (2004).

தோழர்களே! உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடமும் கேளுங்கள். டி.சி.யில் இருப்பதைக் கேட்காதீர்கள். எந்த மழையில், எந்தத் திருவிழாவில், எந்தப் பஞ்சத்தில் பிறந்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். தேதியை நாம் சேர்ந்து கண்டுபிடிப்போம். பலகையில் கீழ்ப்பகுதியை அதற்கென்றே காலியாக வைத்திருக்கிறேன்.

(11-ஐ அடித்த அண்ணனுக்கு: மன்னித்துவிட்டேன். அடுத்த முறை அடிக்காமல், பக்கத்தில் எழுதுங்கள்!)

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி