மணற்றிட்டு வில்லோ

ஆற்றங்கரையில் நிற்கும் மரத்தின் வாழ்வு நிலையில்லாதது என்பர் முன்னோர். வெள்ளம் பெருகுங்கால் கரை இடியும். கரை இடியின், ஓங்கி வளர்ந்த மரமும் வேரொடு சாயும். ஆயின், அக்கரையையே உறைவிடமாகவும், வெள்ளத்தையே துணையாகவும் கொண்டு வாழும் செடி ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இயற்கையாக வளரும் மணற்றிட்டு வில்லோவே அது.

வில்லோ என்பது ஓர் இனத்தின் பொதுப்பெயர். கிரிக்கெட் மட்டை செய்தற்குரிய இங்கிலாந்து நாட்டு மரமும், நம் நாட்டு ஆற்றோரங்களில் வளரும் ஆற்றுப்பாலையும் அவ்வினத்தனவே. அவை மரங்கள், மணற்றிட்டு வில்லோவோ புதர். அது 7 மீட்டருக்கு மேல் வளர்தல் அரிது. தாவர நூலார் இதனைச் ‘சாலிக்ஸ் எக்சிகுவா’ என்பர். எக்சிகுவா என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியது என்பது பொருள். கனடாவின் மேற்குப் பகுதி முதல் மெக்சிகோவின் வடபகுதி வரை இதனைக் காணலாம்.

இதன் இலை குறுகி நீண்டது. மென்மயிர் படர்ந்து சாம்பல் கலந்த பசுமை நிறம் உடையது. ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு செடிகளில் தோன்றும். இளவேனிலில் கதிர்போற் பூக்கும் பூக்களைத் தேனீக்கள் நாடி வரும்.

வெள்ளம் மோதும்போது இதன் மெல்லிய கோல்கள் எதிர்த்து நில்லா. நீரோடு வளைந்து படுத்து, நீர் வடிந்தபின் நிமிரும். மணல் மூடினும், மூடிய தண்டிலிருந்து புதுவேர் விடும். முறிந்து மிதந்து சென்ற கிளையும் ஈரமணலில் ஒதுங்கின் வேரூன்றும். மண்ணுள் ஓடும் வேர்கள் பக்கக் கன்றுகளை ஈன்று அடர்ந்த புதராகும். அப்புதரின் வேர்கள் மண்ணைப் பற்றிக் கரையைக் காக்கும். பீவர் என்னும் நீர்விலங்கு கோல்களைக் கடித்துத் தின்னும். தின்ற அடியிலிருந்து மீண்டும் தளிர் எழும்.

இவ்வியல்பை நன்கறிந்தவர் அந்நிலத்தின் பழங்குடி மக்களாகிய வாஷோ, பையூட் இனத்தார். அவர்கள் புதரை முறையாக வெட்டி வளர்ப்பர். வெட்டிய அடியிலிருந்து நேரிய, கிளையற்ற கோல்கள் தோன்றும். அவற்றை நாராகப் பிளந்து கூடையும், குழந்தையைச் சுமக்கும் தொட்டிலும் முடைவர். நெருக்கமாக முடைந்து பைன் மரப் பிசின் பூசிய கலத்தில் தண்ணீரும் கொண்டு சென்றனர். 1925-இல் மறைந்த டட் சோ லா லீ என்னும் வாஷோ மூதாட்டி முடைந்த வில்லோக் கூடைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன.

இத்துணை வலிமை வாய்ந்த செடிக்கும் ஒரு குறை உண்டு. பஞ்சு சூழ்ந்த அதன் நுண்விதை நெடுநாள் உயிர்தாங்காது. மலைப்பனி உருகிப் பெருகிய வெள்ளம் வடியும் பருவத்தில், வெறிதாய்க் கிடக்கும் ஈரமணலில் உடனே விழுதல் வேண்டும். அணைகள் வெள்ளத்தைத் தடுத்து, நீர் வேறிடத்திற்குத் திருப்பப்படின், புதுமணல் படியாது, நிலத்தடி நீர் தாழும், புதர்கள் காயும். இத்தகைய புதர்களில் கூடுகட்டும் தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பான் என்னும் சிறுபறவை, 1995-இல் அழியும் நிலையிலுள்ள உயிரென அமெரிக்க அரசால் அறிவிக்கப்பட்டது.

இந்நிலையை மாற்றவும் முயன்றனர். பல ஆண்டுகளாகக் கடலை அடையாது வறண்டிருந்த கொலராடோ ஆற்றின் கழிமுகத்தில், அமெரிக்காவும் மெக்சிகோவும் உடன்பட்டு, 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை ஏறத்தாழ 13 கோடி கன மீட்டர் நீரைத் திறந்துவிட்டன. ஆறு கடலைத் தொட்டது. நனைந்த மணலில் வில்லோ இனத்துக் கன்றுகள் முளைத்தன.

வெள்ளத்திற்கும் வெட்டுக்கும் வளைந்து கொடுத்து வாழும் இச்செடி, நீரின்மைக்கு வளைந்து கொடுக்க வல்லதன்று. ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்ளும் மாந்தர், ஆற்றுக்கும் ஒரு பங்கு வைத்தல் கடன் என்பதை அது உணர்த்துகின்றது.