அயல் வளவுப் பற்றை உங்கள் வளவுக்குள் வந்தால்

பல வருடங்களின் பின் ஊர் திரும்பியிருக்கிறீர்கள். உங்கள் வளவை ஒருவாறு துப்புரவாக்கிவிட்டீர்கள். ஆனால் பக்கத்து வளவு இன்னும் பற்றையாகவே கிடக்கிறது. அதன் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். வேறொருவரிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறார். அல்லது அது கோயில் காணி, பாடசாலைக் காணி, திணைக்களத்துக் காணி. அங்கிருந்து கிளைகள் உங்கள் தற்காலிகக் கொட்டிலின் மேல் சாய்கின்றன. வேர் கிணற்றுக் கட்டை வெடிக்க வைக்கிறது. பாம்பும் நுளம்பும் வருகின்றன.

இது சிறிய விடயம்போலத் தெரியலாம். ஆனால் அவசரப்பட்டு வெட்டினால் உயிராபத்து, எல்லைப் பிணக்கு, அயலவருடன் பகை என்று மூன்றும் வரலாம். எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதை இந்தப் பாடம் விளக்குகிறது.

1. கத்தியை எடுக்க முன்: வெடிபொருள் ஆபத்து

உங்கள் வளவில் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டது என்பதால் பக்கத்து வளவும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம். அந்தக் காணி சோதிக்கப்பட்டுக் கையளிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அதுவரை வேலியைத் தாண்டிக் கால் வைக்க வேண்டாம். ஆடு மாடு புகுந்தாலும், பிள்ளைகளின் பந்து விழுந்தாலும் போக வேண்டாம்.

பற்றைக்கு ஒருபோதும் நெருப்பு வைக்காதீர்கள். மண்ணில் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். சோதிக்கப்பட்ட காணியிலும் சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கிளறாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். வந்த வழியாலேயே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ (119) அறிவியுங்கள்.

2. பற்றையை வெட்டுங்கள், எல்லையை வெட்டாதீர்கள்

இடப்பெயர்வில் பல குடும்பங்களின் உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் தொலைந்துவிட்டன. அப்படியான இடங்களில் எல்லை எங்கே என்பதற்கு எஞ்சியிருக்கும் சாட்சி பழைய வேலிதான். வரிசையாக நிற்கும் பூவரசும் கிளுவையும் ஒரு காலத்தில் நாட்டிய கதியால்கள். இன்று அவை மரமாகிப் பற்றைக்குள் மறைந்திருக்கும். எல்லைக்கல், பழைய மதிலின் அத்திவாரம், மூலையில் நிற்கும் பனை ஆகியவையும் அப்படித்தான்.

பெக்கோ பிடித்து ஒரே நாளில் வழித்துத் தள்ளினால் இந்தச் சாட்சிகள் எல்லாம் போய்விடும். பிறகு ஒவ்வொரு அடிக்கும் வாக்குவாதம் வரும். ஆகவே எல்லையோரத்தில் கையால் மட்டும் துப்புரவு செய்யுங்கள். கதியால் மரங்களின் கிளைகளை வெட்டலாம். அடியோடு தறிக்க வேண்டாம். வேலை தொடங்க முன் நான்கு பக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எல்லை தெளிவில்லை என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளர் அளந்து தரும்வரை புதிய வேலி போட வேண்டாம்.

3. அந்தக் காணிக்கு யார் பொறுப்பு?

• உரிமையாளர் வெளிநாட்டில் என்றால்: பராமரிப்பவர் அல்லது அற்றோர்னி தத்துவம் பெற்றவர். வாடகைக்கோ குத்தகைக்கோ இருப்பவருக்கு மரம் தறிக்கும் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆகவே உரிமையாளரின் சம்மதத்தையும் கேளுங்கள்.
• கோயில், தேவாலயம், பள்ளிவாசல் காணி: அதன் பரிபாலன சபை.
• பாடசாலைக் காணி: அதிபர்.
• அரச காணி: உரிய திணைக்களம். தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு.
• வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எல்லைக்கல் உள்ள இடம்: அனுமதியின்றி எதையும் வெட்டக்கூடாது. அது சட்டப்படி குற்றம். அந்தக் கல் உங்கள் காணிக்குள் நாட்டப்பட்டிருந்தால் கல்லைப் பிடுங்காமல் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள்.

4. கேட்பது எப்படி?

முதலில் நேரில் கதையுங்கள். பொறுப்பாளரை அழைத்து வந்து காட்டுங்கள். பல பிணக்குகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். பற்றை வளர்ந்தது அவருடைய குற்றமும் அல்ல. அவரும் உங்களைப்போல இடம்பெயர்ந்திருந்தவராக இருக்கலாம். கூலியைப் பாதிப் பாதியாகக் கொடுக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இணங்கினாலும் இணங்காவிட்டாலும் ஒரு சிறு கடிதம் எழுதி, பிரதியை வைத்திருங்கள். இப்படி எழுதலாம்:

"ஐயா/அம்மா, தங்கள் பொறுப்பில் உள்ள வளவின் வேம்பங்கிளைகள் எமது வீட்டுக் கூரையின் மேல் சாய்ந்துள்ளன. மாரி மழைக்கு முன் இவற்றை வெட்டித் தருமாறு, அல்லது எமது எல்லைக்குள் வந்த பகுதியை நாமே வெட்டச் சம்மதம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இரண்டு வாரங்களுக்குள் பதில் தந்தால் உதவியாக இருக்கும். படங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

திகதியும் கையொப்பமும் இடுங்கள். வெளிநாட்டில் உள்ளவருக்கு வட்ஸ்அப் மூலமும் அனுப்பலாம். அவர் தரும் பதிலை அழிக்காதீர்கள்.

5. எதை வெட்டலாம்? எதை வெட்டக்கூடாது?

கேட்டும், போதிய அவகாசம் கொடுத்தும் வெட்டவில்லை என்றால், உங்கள் எல்லைக்குள் நீண்ட கிளையை எல்லைவரை மட்டும் வெட்டலாம். அயல் வளவுக்குள் போய் வெட்டக்கூடாது. மரம் பட்டுப்போகும்படி பட்டையைச் சீவுவது, வேருக்கு மருந்து ஊற்றுவது போன்றவை உங்களையே குற்றவாளி ஆக்கும். வெட்டிய தடியை விற்காமல், எடுத்துச் செல்லுமாறு பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள்.

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிப்பது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அவை உங்கள் சொந்த வளவில் நின்றாலும் பிரதேச செயலகத்தில் அனுமதி பெறுங்கள்.

6. பதில் கிடைக்காவிட்டால்

• கிராம அலுவலரிடம் கடிதப் பிரதியைக் காட்டி, வந்து பார்க்கச் சொல்லுங்கள்.
• மரம் வீட்டின் மேல் விழும் நிலையில் இருந்தால், பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் முறையிடுங்கள்.
• நீர் தேங்கி நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பவர் மீது நடவடிக்கை எடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது.
• இணக்கம் வேண்டுமாயின் மத்தியஸ்த சபைக்குச் செல்லுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. சட்டத்தரணி தேவையில்லை. அங்கே தீர்ப்புத் திணிக்கப்படுவதில்லை. இரு பக்கமும் பேசி உடன்பாட்டுக்கு வர உதவுவார்கள்.
• வழக்குவரை போகவேண்டி வந்தால், வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

7. வேலை செய்யும்போது

நீண்ட காற்சட்டை, மூடிய சப்பாத்து, கையுறை அணியுங்கள். கையை விடுமுன் நீண்ட தடியால் தட்டிப் பாருங்கள். புடையனும் நாகமும் சருகுக்குள்ளும் ஓட்டுக் குவியலுக்குள்ளும் இருக்கும். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், 1990 அம்புலன்ஸை அழைத்து அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பார்த்தீனியத்தைப் பூக்க முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். அது தோலில் அரிப்பையும் இளைப்பையும் உண்டாக்கும். ஆகவே வெறுங்கையால் தொடாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். இப்பில் இப்பில் வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். துளிரை அடிக்கடி ஒடித்துவிட வேண்டும். கிணற்றுக் கட்டிலும் சுவர் வெடிப்பிலும் முளைக்கும் ஆல், அரசங் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பெருத்த பிறகு இழுத்தால் கட்டும் சேர்ந்து வரும்.

தொடங்க முன் சரிபாருங்கள்

☐ பக்கத்துக் காணியின் கண்ணிவெடி நிலைமையைக் கிராம அலுவலரிடம் கேட்டேன்.
☐ எல்லை அடையாளங்களைப் படம் எடுத்தேன்.
☐ காணிக்குப் பொறுப்பானவருடன் கதைத்தேன். கடிதப் பிரதி என்னிடம் உண்டு.
☐ அனுமதி தேவையான மரங்களை அடையாளம் கண்டேன்.
☐ பிள்ளைகளை வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி வைத்தேன்.

ஐந்துக்கும் அடையாளம் இட்ட பின்னர் கத்தியை எடுங்கள். மாரி தொடங்கும்போது, இடையில் பட்டுப்போன கதியால்களுக்குப் பதிலாகப் புதியவற்றை நாட்டலாம். எல்லையில் இருவருக்கும் உடன்பாடு இருந்தால் அந்த வேலையை அயலவருடன் சேர்ந்தே செய்யுங்கள்.