பெரிய சுரங்கம் இருக்கும்போது நாம் எதற்கு?

கேள்வி: வெள்ளத்தைத் தடுக்க அரசாங்கம் ஸ்மார்ட் சுரங்கமே கட்டிவிட்டது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்வாசிகள் நாங்கள் செய்ய என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. 2007இல் திறந்த அந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம் ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிடும். உங்கள் தெரு லோங்காங்கின் (வடிகாலின்) அடைப்பை அது எடுக்காது. சாப்பாட்டுக் கடைகள் ஊற்றும் பழைய எண்ணெய் அங்கே கட்டியாக உறைந்து, சோற்றையும் பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொள்கிறது. கனமழையில் தண்ணீர் சாலைக்கு ஏறுகிறது. அழுக்கு கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. முதலில் கடைக்காரர்களிடம் பேசுங்கள். பழைய எண்ணெயை டின்னில் சேர்த்தால் காசு கொடுத்தே வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள உலகச் சுற்றுச்சூழல் மையம் குடியிருப்பாளர்களுக்கே ஆற்றுநீரைச் சோதிக்கக் கற்றுத்தருகிறது. அதையும் கேட்டுப் பாருங்கள்.